தூக்க மாத்திரை: சில நாள் துணையும் பல்லாண்டுத் தளையும்

உணவு, உடை, உறையுள் ஆகிய மூன்றும் மனிதனின் அடிப்படைத் தேவைகள் என்று பள்ளிப் பாடத்தில் படித்தோம். உறக்கத்தை அந்தப் பட்டியலில் யாரும் சேர்க்கவில்லை. காசு கொடுக்காமல் கிடைத்த பொருளாதலால் அதனைக் கணக்கில் கொள்ளாது விட்டிருக்கலாம். இன்றோ உறக்கமும் பத்து மாத்திரை கொண்ட அட்டையாக மருந்துக் கடைக்கு வந்துவிட்டது. அல்பிரசோலம், டயசிபாம், நைட்ரசிபாம், குளோனசிபாம், சோல்பிடெம் எனப் பெயர்கள் பல. வீட்டில் அவற்றுக்கு ஒரே பெயர் தூக்க மாத்திரை. நம் கல்லூரி மாணவர்கள் சிலருடைய வீடுகளிலும், பாட்டியின் தலையணைக்கு அடியிலோ தந்தையின் சட்டைப் பையிலோ அவ்வட்டை இருக்கக்கூடும்.

இம்மாத்திரைகளை நஞ்சென்று பழிப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. அறுவை சிகிச்சைக்கு முன்பும், வலிப்பு நோயிலும், திடீரென நேர்ந்த மனக்கலக்கத்தில் சில இரவுகளைக் கடப்பதற்கும் அவை பயன்படுகின்றன. நம் வினா வேறு. சில நாட்களுக்கென எழுதிக் கொடுக்கப்பட்ட மாத்திரை பல ஆண்டுகள் தொடரும்போது உடலில் என்ன நிகழ்கிறது? விட முயல்வோர் ஏன் விட முடியாமல் தவிக்கின்றனர்? இவ்விரண்டுக்கும் விடை ஓரிடத்தில்தான் இருக்கிறது. அதனைக் காணுமுன் இம்மருந்துகள் பிறந்த கதையைச் சிறிது பார்ப்போம்.

மலோனிக் எஸ்டரிலிருந்து தொடங்கிய கதை

பட்ட வகுப்பில் கரிம வேதியியல் பயில்வோர் மலோனிக் எஸ்டரைத் தொடாமல் தேர்வுக்குச் செல்ல முடியாது. அஃது யூரியாவுடன் வினைபுரிந்து பார்பிட்யூரிக் அமிலத்தைத் தரும் என்று எழுதி மதிப்பெண்ணை வாங்கிக்கொண்டு மறந்துவிடுகிறோம். இவ்வமிலத்தை 1864-ஆம் ஆண்டில் முதலில் தயாரித்தவர் ஜெர்மானிய அறிஞர் அடால்ஃப் வான் பேயர். அமிலத்துக்கு உறக்கம் தரும் ஆற்றல் இல்லை. ஆனால் அதன் ஐந்தாம் இடத்துக் கார்பனில் இருக்கும் இரண்டு ஹைட்ரஜன்களுக்குப் பதிலாக இரண்டு ஈத்தைல் தொகுதிகளை அமர்த்திவிட்டால் உறக்கமூட்டும் மருந்தொன்று கிடைக்கிறது. 1903-ஆம் ஆண்டில் எமில் ஃபிஷரும் ஜோசப் வான் மேரிங்கும் இதனை அறிவித்தனர். 'வெரோனால்' என்ற பெயரில் அது கடைக்கு வந்தது. 1912-இல் 'லூமினால்' எனப்பட்ட ஃபீனோபார்பிட்டால் வந்தது. வலிப்பு நோய்க்கு அது இன்றும் வழங்கப்படுகிறது.

பார்பிட்யூரேட்டுகளின் பெருங்குறை, உறங்கவைக்கும் அளவுக்கும் உயிரைப் போக்கும் அளவுக்கும் இடையே உள்ள தூரம் குறைவு என்பதே. 1962-ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஹாலிவுட் நடிகை மர்லின் மன்றோ இறந்தபோது உலகமே இவற்றின் பெயரை அறிந்துகொண்டது.

'இது முற்றிலும் பாதுகாப்பானது' என்ற சொல்லை நம்பி ஒரு தலைமுறை ஏமாந்ததும் அதே காலத்தில்தான். 1957-இல் மேற்கு ஜெர்மனியில் மருத்துவர் சீட்டுக்கூட வேண்டாத உறக்க மருந்தாகத் தாலிடோமைடு விற்பனைக்கு வந்தது. கருவுற்ற பெண்களும் அதனை உண்டனர். 1961 இறுதியில் அது நிறுத்தப்படுவதற்குள் கைகால் குறைபட்ட குழந்தைகள் பல நாடுகளில் பிறந்துவிட்டனர். அவர்கள் தொகை பத்தாயிரத்துக்கு மேல். தாலிடோமைடை நாம் அனைவரும் அறிவோம். அது ஒரு தூக்க மாத்திரையாகத்தான் விற்கப்பட்டது என்பதை மட்டும் மறந்துவிட்டோம்.

இச்சூழ்நிலையில் வந்தவையே பென்சோடயசிபின்கள். போலந்து நாட்டுக் கிராக்கோவில் பயின்று அமெரிக்காவுக்குக் குடியேறிய லியோ ஸ்டெர்ன்பாக் என்ற வேதியியலர், நியூஜெர்சி மாநிலத்தில் ஹாஃப்மன்-லா ரோஷ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்தார். தம் இளமையில் சாயப் பொருள்களுக்காக ஆராய்ந்த சேர்மங்களையே மீண்டும் எடுத்துக்கொண்டு பல மாற்றங்களைச் செய்து பார்த்தார், பயன் இல்லை. 1957-இல் ஆய்வு மேசையைத் துப்புரவு செய்தபோது, இரண்டாண்டுகளாகச் சோதிக்கப்படாமல் கிடந்த ஒரு படிகப் பொருள் கண்ணில் பட்டது. எறியாமல் விலங்குச் சோதனைக்கு அனுப்பினர். விலங்குகள் அமைதியுற்றன! எதிர்பாராமல் ஏழணு வளையமாக விரிந்திருந்த அந்தச் சேர்மம் 1960-இல் 'லிப்ரியம்' ஆயிற்று. 1963-இல் 'வேலியம்' எனும் டயசிபாமும், 1965-இல் 'மோகடான்' எனும் நைட்ரசிபாமும் பின்தொடர்ந்தன. 1969 முதல் 1982 வரை அமெரிக்காவில் மிகுதியாக எழுதப்பட்ட மருந்து வேலியமே. தனியே உண்டால் உயிருக்கு இறுதி விளைவிப்பது அரிது என்பதால் மருத்துவர்களும் தாராளமாக எழுதினர்.

ஆயினும் எச்சரிக்கை தொடக்கத்திலேயே கிடைத்தது. 1961-இல் லியோ ஹாலிஸ்டர் என்ற மருத்துவர், பல மாதங்கள் மிகுந்த அளவில் லிப்ரியம் உண்டுவந்த 11 நோயாளிகளுக்கு, அவர்கள் அறியாவண்ணம் வெற்று மாத்திரையை மாற்றிக் கொடுத்துப் பார்த்தார். பதின்மருக்குப் புதிய தொல்லைகள் தோன்றின. இருவருக்கு வலிப்பே வந்தது. அளவு மிகுந்ததால் நேர்ந்தது என்று கருதி உலகம் மேலே சென்றுவிட்டது. வழக்கமான சிறிய அளவே பல மாதம் தொடர்ந்தால் இவ்விளைவைத் தரும் என்பதை ஏற்றுக்கொள்ள மேலும் இருபது ஆண்டுகள் ஆயின.

மூளை செய்யும் எதிர்ச்செயல்

மூளையில் நரம்பணுக்களைத் தூண்டும் பொருள்களும் உண்டு. அடக்கும் பொருள்களும் உண்டு. அடக்குவனவற்றுள் தலையாயது காமா அமினோ பியூட்டிரிக் அமிலம். சுருக்கமாகக் காபா என்பர். நரம்பணுவின் மேற்பரப்பிலுள்ள ஏற்பியில் காபா வந்து அமர்ந்ததும் நுண்ணிய வாயில் ஒன்று திறக்கும். அதன் வழியே குளோரைடு அயனிகள் உள்ளே நுழையும். அதன்பின் அவ்வணு எளிதில் கிளர்ச்சியுறாது. பார்பிட்யூரேட்டுகள் இவ்வாயிலை நெடுநேரம் திறந்து வைக்கும்; அளவு மிகுந்தால் காபா இல்லாமலேயே திறந்துவிடும். மூச்சு அடங்கிப்போவது அதனால்தான். பென்சோடயசிபின்கள் தாமாகத் திறப்பதில்லை. காபா திறக்கும்போது வாயில் அடிக்கடி திறக்குமாறு துணைபுரியும். கதவின் கீலுக்கு எண்ணெய் விட்டாற்போல என்று வைத்துக்கொள்ளலாம். அவை அமர்வதற்கெனத் தனியிடம் மூளையில் இருப்பதை 1977-இல் டென்மார்க், சுவிட்சர்லாந்து நாட்டு ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். பின்னர் வந்த சோல்பிடெம் வேதியியல் அமைப்பில் வேறாயினும் அமர்வது ஏறத்தாழ அதே இடத்தில்தான்.

மூளையோ கைகட்டிக்கொண்டு இருக்கும் உறுப்பன்று. ஒவ்வோர் இரவும் வெளியிலிருந்து அடக்கும் ஆற்றல் வந்து சேர்வதை உணர்ந்து தன்னைச் சரிசெய்துகொள்கிறது. ஏற்பிகளின் கூர்மை குறைகிறது. தூண்டும் பகுதி வலுக்கிறது. ஒரு கதவை வெளியிலிருந்து ஒருவர் தள்ள, உள்ளிருப்பவர் தம் பங்குக்கு எதிர்த்துத் தள்ளுகிறார் எனக் கொள்வோம். இருவர் பலமும் சமமாகும்போது கதவு அசையாது. மாத்திரை வேலை செய்வதாகத் தெரியவில்லையே என்று சில வாரங்களில் நோயாளி கூறுவது இந்த நிலையைத்தான். சிலர் ஒன்றை ஒன்றரை ஆக்குவதும் இங்கேதான். இப்போது வெளியிலிருப்பவர் சட்டென்று விலகிவிட்டால் என்னாகும்? உள்ளிருந்து தள்ளியவர் குப்புற விழுவார். தடையின்றி விடப்பட்ட தூண்டும் பகுதி பொங்கி எழுகிறது. உறக்கம் முன்னிலும் மோசமாகக் கெடுகிறது. நடுக்கம், வியர்வை, படபடப்பு, தசைத் துடிப்பு, ஒளியையும் ஒலியையும் தாங்க இயலாமை, சிலருக்கு வலிப்பு ஆகியன தோன்றுகின்றன.

இங்கேதான் பொறி இருக்கிறது. பெரியவர் ஒருவர் மூன்றாண்டுகளாக மாத்திரை உண்கிறார். ஒருநாள் துணிந்து நிறுத்துகிறார். அன்றிரவும் மறுநாளும் கண்ணிமை மூடவில்லை. "பார்த்தாயா, இது இல்லாவிட்டால் எனக்குத் தூக்கமே இல்லை" என்று மூன்றாம் நாள் மாத்திரைக்குத் திரும்புகிறார். உண்மையில் அவ்விரு இரவுகளின் விழிப்பு அவருடைய பழைய நோயன்று. மாத்திரை விட்டுச்சென்ற விழிப்பு. மருந்து விளைத்த துன்பமே மருந்து தேவை என்பதற்குச் சான்றாகிவிடுகிறது. 1978-இல் அமெரிக்க ஆய்வாளர் ஆந்தனி கேல்ஸும் அவர்தம் குழுவினரும் இதனைத் தனியே விளக்கி, மீண்டெழும் தூக்கமின்மை என்னும் பொருளில் பெயரிட்டனர். புலிவாலைப் பிடித்தவன் கதை என்பது இதற்கே பொருந்தும்.

இந்நிலைக்கு ஆளானோரைக் குடிகாரரைப் பார்ப்பதுபோல் பார்ப்பது பெருந்தவறு. அவர்களுள் பெரும்பாலோர் சொன்ன அளவைச் சொன்ன நேரத்தில் உண்டவர்கள். பிழை மனவுறுதியில் இல்லை, ஏற்பியில் இருக்கிறது.

அரை ஆயுள் கணக்கு

கதிரியக்கப் பாடத்தில் வரும் அரை ஆயுள் மருந்துக்கும் உண்டு. உடலிலுள்ள மருந்து பாதியாகக் குறைய ஆகும் காலம் அது. சோல்பிடெமுக்கு ஏறக்குறைய இரண்டரை மணி. அல்பிரசோலத்துக்குப் பதினொரு மணியளவு. டயசிபாமின் கதை சுவையானது. 1975-இல் வெளியான ஓர் ஆய்வின்படி அதன் அரை ஆயுள் வயதோடு வளர்கிறது: 20 வயதினருக்கு 20 மணி, 80 வயதினருக்கு ஏறத்தாழ 90 மணி.

இனி நாமே கணக்கிடலாம். இரவுதோறும் ஒரு மாத்திரை. 24 மணி கழித்து அடுத்த மாத்திரை உண்ணும்போது இளைஞர் உடலில் முதல் மாத்திரையின் 43 விழுக்காடு எஞ்சியிருக்கும். முதியவர் உடலில் 83 விழுக்காடு. இவ்வாறு சேர்ந்துகொண்டே வந்து ஒரு நிலையில் நிற்கும்போது, மாத்திரை உண்ட வேளையில் இளைஞர் உடலில் ஒன்றேமுக்கால் மாத்திரைக்கு ஈடான மருந்தும், முதியவர் உடலில் ஆறு மாத்திரைக்குச் சற்றுக் குறைந்த மருந்தும் இருக்கும். பெருக்குத்தொடர் வரிசை அறிந்த எந்த மாணவரும் இதனைச் சரிபார்க்கலாம். முதியவர் உடலில் சேர்வதில் பெரும்பகுதி கொழுப்பில் கரைந்து கிடப்பதால் குருதியிலும் ஆறு மடங்காகிறது என்று கொள்ளக்கூடாது. ஆனால் அந்தச் சேமிப்பு காலையில் விடிந்ததும் காலியாகிவிடாது என்பது தெளிவு. டயசிபாம் சிதைந்து உண்டாகும் பொருளும் அதே வேலையைச் செய்வதால் உண்மை நிலை நம் கணக்கைவிடக் கடுமையானது.

இந்தக் கணக்கின் விளைவை எலும்பு முறிவுப் பிரிவில் காணலாம். இரவு சிறுநீர் கழிக்க எழும் முதியவர் தள்ளாடி விழுகிறார், இடுப்பெலும்பு முறிகிறது, எழுந்து நடக்க முடியாமல் படுத்த படுக்கையாகிறார். 1987-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இடுப்பெலும்பு முறிந்த முதியோர் ஆயிரத்துச் சொச்சம் பேரை முறியாதவரோடு ஒப்பிட்டனர். நீண்ட அரை ஆயுள் கொண்ட உறக்க மருந்துகளை உண்போருக்கு இத்தகைய முறிவு நேரும் வாய்ப்பு 1.8 மடங்காக இருந்தது. குறுகிய அரை ஆயுள் கொண்டவை பாதுகாப்பானவை என்று அப்போது எண்ணினர். பிந்திய ஆய்வுகள் அந்த எண்ணத்தைக் கலைத்துவிட்டன. சோல்பிடெமிலும் மறுநாள் காலை மயக்கம் தங்குகிறது. ஆண்களைவிடப் பெண்களின் உடலிலிருந்து அது மெதுவாக வெளியேறுவதால், 2013-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் பெண்களுக்கான அளவைப் பாதியாக்கியது. அதே நிறுவனம் 2019-இல், உறக்கத்திலேயே எழுந்து நடத்தல், வண்டி ஓட்டுதல் போன்ற செயல்களால் மரணமும் நேர்ந்திருப்பதைக் குறிப்பிட்டு மிகக் கடுமையான எச்சரிக்கையை அச்சிடச் செய்தது. 2020-இல் பென்சோடயசிபின்கள் அனைத்துக்கும் சார்புநிலை பற்றிய எச்சரிக்கை வந்தது.

இவ்வளவுக்கும் ஈடாகக் கிடைக்கும் உறக்கம் எவ்வளவு? அறுபது வயதைக் கடந்தோரிடம் நடத்தப்பட்ட 24 ஆய்வுகளை ஒன்றுதிரட்டி 2005-இல் கனடா நாட்டினர் கணக்கிட்டனர். வெற்று மாத்திரை உண்டவரைவிட ஓரிரவுக்குச் சராசரி 25 நிமிடங்கள் கூடுதல். அதுவும் முதல் சில வாரங்களில். அவ்வுறக்கத்திலும் ஆழ்ந்த உறக்கத்தின் பங்கை பென்சோடயசிபின்கள் குறைத்துவிடுகின்றன. படித்தது நினைவில் பதிவதற்கு உறக்கம் வேண்டும் என்பதும், இம்மருந்துகள் புதிய நினைவு பதிவதைத் தடுக்கின்றன என்பதும் தேர்வுக்கு முந்திய இரவில் பாட்டியின் அட்டையை நாடும் மாணவர் அறிந்திருக்க வேண்டியவை.

மூச்சு பற்றியும் ஒரு சொல். உரக்கக் குறட்டைவிட்டு இடையிடையே மூச்சுத் தடைபடும் நோயுடையோர் பலர், தமக்குத் தூக்கம் சரியில்லை என்றே மருத்துவரிடம் செல்வர். மூச்சைத் தளர்த்தும் மருந்து அவர்களுக்குத் தீங்கு பயக்கலாம். மதுவோடும், அபின் இனத்து வலிநீக்கிகளோடும் சேரும்போது தூக்க மாத்திரை உயிர்க்கொல்லியாகவே மாறிவிடுகிறது.

மறதி நோயை இம்மாத்திரைகள் உண்டாக்குகின்றனவா என்ற வினாவுக்கு இன்னும் முடிவான விடை இல்லை. 2014-இல் கனடாவின் கியூபெக் மாநில ஆய்வு, மூன்று மாதங்களுக்கு மேல் உண்டோரிடம் அல்சைமர் நோய் ஒன்றரை மடங்கு காணப்பட்டதாகக் கூறியது. 2016-இல் அமெரிக்க ஆய்வொன்று, உண்ட அளவு கூடக்கூட நோய் கூடவில்லையே என்று ஐயம் எழுப்பியது. மறதி நோயின் தொடக்கக் குறியாகவே தூக்கம் கெடலாம். அதற்காக மாத்திரை உண்டிருக்கலாம். எது முன்னது, எது பின்னது என்று பிரித்தறிவது கடினம். மறதி நோய் வந்தே தீரும் என்று முதியோரை அச்சுறுத்துவது முறையன்று. எலும்பு முறிவும் சார்புநிலையும் உறுதியானவை, அவையே போதும்.

விடுபடும் வழி

நம் நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. 2014 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்த எச்-1 அட்டவணையில் அல்பிரசோலம், டயசிபாம், நைட்ரசிபாம், சோல்பிடெம் ஆகியன உள்ளன. மருத்துவர் சீட்டின்றி இவற்றை விற்கலாகாது. நோயாளியின் பெயரையும் மருத்துவரின் பெயரையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டுகள் வைத்திருக்க வேண்டும். இருந்தும் என்றோ எழுதிய சீட்டு மடிப்புகள் கிழிந்தும் பணி ஓய்வு பெறாமல் உழைத்துக்கொண்டிருப்பதைக் காண்கிறோம்! பிரிட்டனில் 1988-ஆம் ஆண்டிலேயே, இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு மேல் இவற்றைத் தரவேண்டாம் என்று மருத்துவர்களுக்கு அறிவுறுத்தினர். நம் வீட்டுச் சீட்டின் தேதியை அந்த அளவுகோலோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ஆனால் ஒப்பிட்ட அன்றே பாட்டியின் மாத்திரையை ஒளித்துவைப்பவர் அவருக்கு நன்மை செய்தவராகார். ஹாலிஸ்டரின் நோயாளிகளுக்கு நேர்ந்ததை நினைவில் கொள்க. நீண்ட நாள் உண்டவர் திடீரென நிறுத்துவது, தொடர்வதைவிட ஆபத்தானது. உள்ளே தள்ளிக்கொண்டிருப்பவர் தம் பலத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொள்ள அவகாசம் தரவேண்டும். இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் ஹெதர் ஆஷ்டன் என்ற பேராசிரியை 1982 முதல் 1994 வரை இதற்கெனவே ஒரு சிகிச்சைப் பிரிவை நடத்தினார். அங்குக் கற்றதை 1999-இல் கையேடாக வெளியிட்டார். அதன் சாரம் மிக எளிது: மருத்துவரின் மேற்பார்வையில், ஒன்றிரண்டு வாரங்களுக்கு ஒருமுறை அப்போதைய அளவில் பத்தில் ஒரு பங்குபோலக் குறைத்துவருவது, வேகத்தை நோயாளியே தீர்மானிப்பது. மாதக் கணக்கில் ஆகலாம், ஓராண்டும் ஆகலாம். குறைத்துவரும் நாட்களில் சில இரவுகள் கெடும். அவை கடந்துபோகும் இரவுகள் என்று வீட்டார் அறிந்திருந்தால் நோயாளி பாதி வழியில் திரும்பமாட்டார்.

மாத்திரையின் இடத்தில் வைப்பதற்கு ஏதேனும் வேண்டுமே என்றால், அதுவும் உண்டு. தூக்கமின்மைக்கு முதற்கண் தரவேண்டியது மனப்பயிற்சி, பழக்கப் பயிற்சி ஆகியவற்றைக் கொண்ட சிகிச்சையே என்று 2016-இல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி பரிந்துரைத்தது. இரவு எப்படிக் கழிந்தாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுவது, உறக்கம் வந்தபோது மட்டும் படுக்கைக்குச் செல்வது, இருபது நிமிடம்போல் புரண்டும் வராவிட்டால் எழுந்து வேறிடத்தில் அமர்வது, பகலுறக்கத்தைச் சுருக்குவது. பாட்டிக்கும் செலவில்லாத வைத்தியம். முதல் இரண்டு வாரங்கள் கடினமாயிருக்கும்; பலன் மாத்திரையைவிட நீடித்து நிற்கும்.

கியூபெக் மாநிலத்தில் 2014-இல் முடிவு வெளியான ஓர் ஆய்வு இங்கே குறிப்பிடத்தக்கது. 65 முதல் 95 வயதுவரையுள்ள, நீண்ட நாள் பென்சோடயசிபின் உண்டுவந்த 303 பேரை எடுத்துக்கொண்டனர். ஒரு பிரிவினருக்கு அஞ்சலில் ஒரு சிறு புத்தகம் சென்றது. மாத்திரையின் தீமை, குறைக்கும் முறை, மருத்துவரிடம் பேசவேண்டியது ஆகியன அதில் எளிய நடையில் இருந்தன. வேறு சிகிச்சை எதுவும் இல்லை. ஆறு மாதங்களில் அவர்களுள் 27 விழுக்காட்டினர் மாத்திரையை அறவே விட்டிருந்தனர். புத்தகம் கிடைக்காத பிரிவில் 5 விழுக்காட்டினரே. எண்பது வயதைக் கடந்தவரா, எத்தனை ஆண்டுகளாக உண்பவர் என்றெல்லாம் பிரித்துப் பார்த்தனர். வயதாலும் ஆண்டுக் கணக்காலும் பலனில் வேறுபாடு தென்படவில்லை.